முகூர்த்த ஷாட்

முன்வரிசை சோபாவில் தயாரிப்பாளர் கோட்டேஸ்வர ராவும் அவர் மனைவியும். வலப்பக்கம் விஜயவாடா, குண்டூர் விநியோகஸ்தர்கள், மடியில் மாலையோடு. கேமராவுக்குப் பின்னால், டைரக்டர் நாற்காலியில், சேஷகிரி.

மூத்த டைரக்டரான அவருக்குப் போட்டது மடக்கு நாற்காலி. பெரிய மின்விசிறிக்குப் பின்பக்கம். காற்று எல்லாருக்கும் போயிற்று. அவருக்குச் சத்தம் மட்டும்.

சேஷகிரி ஒரு காலத்தில் அவரிடம் கிளாப் அடித்தவன். இந்தப் படமே முதலில் அவருக்குப் பேசியதுதான். வரிசையாக அவர் படங்கள் படுத்தன. பேச்சும் படுத்துக்கொண்டது.

"அடுத்தது உங்களுக்குத்தான்" என்று ராவ் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வடபழனி வரை ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

பூஜையன்று முதல் ஷாட்டை மூத்த டைரக்டர் ஒருவர் எடுத்துக் கொடுப்பது தெலுங்குப் படக்காரர்கள் வழக்கம். 'ஆக்‌ஷன்' என்பார். 'கட்' என்பார். ஒரு சால்வை போர்த்துவார்கள். ஷாட் எப்படி வந்தாலும் ஓகேதான். இன்னொரு தடவை கேட்டால் படத்துக்கே ஆகாது.

தேங்காய் உடைந்தது. அவரைக் கூப்பிட்டார்கள்.

"ஆக்‌ஷன்."

கதாநாயகன் அசையவில்லை. கைகூப்பியபடி, அவரைத் தாண்டிப் பார்த்தான்.

சேஷகிரி தலையாட்டினான்.

அதற்கப்புறம்தான் வாயிலிருந்து வசனம் வந்தது. ஜெயம் நமதே.

கைதட்டல் கிளம்பியது.

"கட். ஒன் மோர்."

தட்டின கைகள் அப்படியே நின்றன. ராவின் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டாள். குண்டூர்க்காரர் மாலையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

சேஷகிரி சிரித்த முகம் மாறாமல் எழுந்து வந்தான். அவர் காதருகே குனிந்தான்.

"குருவுகாரு, உங்கள கட் சொல்லத்தான் கூப்பிட்டோம். டைரக்ட் பண்ண இல்ல."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஷாட் பிரமாதம், ஓகே என்றான்.

சால்வையை யாரும் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை, ராவின் மேனேஜர் பாப்பய்யா அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் டைப் அடித்த கடிதம் ஒன்று, கம்பெனி உறையோடு. குண்டூர்க்காரர் சகுனத்துக்குப் பயந்து படமே வேண்டாம் என்கிறாராம்.

குண்டூர்க்காரருக்கு அவரே எழுதுகிற மாதிரி அடித்திருந்தது. எனக்குச் சில காலமாகக் கண் சரியில்லை. ஷாட்டைச் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

கையெழுத்துப் போட்டால் அடுத்த படம் நிச்சயம் என்று ராவ் சொல்லச் சொன்னாராம்.

"ஊர்ல ஏற்கெனவே அப்படித்தான் பேசிக்கிறாங்க சார்" என்றார் பாப்பய்யா, ஆறுதல் போல.

கண் தெரியாத டைரக்டருக்கு எந்த ஊரில் படம் கொடுப்பார்கள்?

அவர் பாப்பய்யாவுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். தாளையும் உறையையும் எடுத்துக்கொண்டு உள்ளே மேஜைக்குப் போனார்.

டைப் அடித்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

தன் லெட்டர் பேடில் ஒரு தாள் கிழித்தார். வலது மூலையில் தேதி. இடது பக்கம் குண்டூர்க்காரரின் பெயர், முகவரி. மரியாதைக்குரிய ஐயா.

என் கண் நன்றாகத் தெரிகிறது. அன்றும் தெரிந்தது.

கையெழுத்து.

ராவ் கம்பெனியின் உறையிலேயே போட்டார். பசை தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

"போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு."

பாப்பய்யா உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இன்றைய தபாலிலேயே சேர்த்துவிடுவதாகச் சொல்லி, ஸ்கூட்டரை உதைத்தார்.