நாற்பது மணி வைத்த வீடு

ஒரு பெண்ணின் மார்பகத்துக்குள், பால்குழாய்த் தெருவில், செல் என்றொரு குட்டி வீடு. வாசலில் கிண்கிணி என்ற அழைப்பு மணி. விருந்தாளி வந்து விரல் வைத்தால்தான் அது அடிக்கும். அடித்ததும் துருதுரு என்கிற சேவகன் உள்ளே ஓடி, "கொத்தனாரே, இதே மாதிரி இன்னொரு வீடு!" என்று கத்துவான்.

ஒருநாள் வீட்டின் வரைபடத்தை நகலெடுத்தபோது மணி இருந்த பக்கம் மட்டும் நாற்பது தடவை விழுந்துவிட்டது. வாசல் முழுக்க மணிகள்! நெரிசலில் கிண்கிணி பக்கத்து மணிமேல் இடித்தது.

கிணிங்!

"ஐயையோ, யாரோ வந்துட்டாங்க!"

"நீதான்டி இடிச்சே!" என்று பக்கத்து மணி குலுங்கிச் சிரித்தது. அதில் அதுவும் அடித்தது. பிறகு நாற்பதும் அடித்தன.

துருதுரு எட்டிப் பார்த்தான். "வாசல்ல ஆளே இல்லையேக்கா?"

"மணி அடிச்சா ஓடு. கேள்வி கேக்கறது உன் வேலையா?" என்றது கிண்கிணி.

ஓடினான். வீட்டுமேல் வீடு ஏறித் தெருவே அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு வாசலிலும் நாற்பது மணி. கிண்கிணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு குறைதான். "இத்தனை அடிச்சும் ஒரு விருந்தாளிகூட வரலையே!"

சில வருஷம் கழித்து ஒரு காலையில், குளித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் விரல் வெளியிலிருந்து அந்த இடத்தில் பட்டது.

"விரல்! வந்தாச்சு, வந்தாச்சு!" என்று துள்ளியது கிண்கிணி.

விரல் அங்கே தட்டுப்பட்ட கட்டியை மெல்ல அழுத்தியது. நின்றது. மறுபடியும் அழுத்தியது. குளியலறையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.