செண்டுமல்லித் தீனி

தொட்டிகளில் வெளுத்துக் கிடந்த தங்கமீன்களுக்கு நிறம் ஏறட்டும் என்று வேதவல்லி நாற்பது நாளாகச் செண்டுமல்லி இதழ்களைக் காயவைத்து, அரைத்து, தீனியில் கலந்து போட்டாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கணவர் எத்திராஜுக்குப் பார்வை குறைந்ததிலிருந்து எல்லா வேலையும் அவள் தலையில்தான். "லேசா மங்கல், அவ்ளோதான்" என்பார் அவர். தினமும் கேட்பார்: "செவந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க."

இன்று காலை மீன்கள் தணலாகச் சிவந்திருந்தன. அவரைத் தொட்டிகள் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுத் தீனி எடுக்கப் போனாள்.

"அடடா! என்னமா செவந்துடுச்சு, வேதா!"

திரும்பிப் பார்த்தாள். கழுவிவைத்த காலித் தொட்டியின் மேல் குனிந்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் தானும் குனிந்தாள். "ஆமாங்க" என்றாள்.