வெட்டுப்பட்ட பாட்டு

"நாலு பத்துக்கு உட்கார்ந்தது மாமா. இன்னும் ஏழு பாட்டுதான் பாக்கி" என்றான் மருமகன்.

புது ப்ளேயர் கூடத்து அலமாரியில் ஏறியிருந்தது. வீட்டிலிருக்கும் பாட்டையெல்லாம் அதில் ஏற்ற வந்தவன், லேப்டாப்பை மடியில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான். சோதிக்கச் சொன்னவரே மாமனார்தான். ஒரு வாரமாகப் போனில் ஒரே பாடம். பாட்டு ஃபிளாக் கோப்பாகத்தான் வேண்டும், அதில் ஒலி துளியும் குறையாது. எம்பி3 இடத்தை மிச்சம் பிடிக்க ஒலியை நறுக்கிவிடும், அதை வாசற்படி ஏற விடக் கூடாது.

"உங்களுக்கு இருக்கிறது காது இல்ல மாமா, தராசு."

அவர் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த ஏழில் எது இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். அவன் அவ்வளவு தூரம் தோண்டுவான் என்றுதான் தெரியாமல் போயிற்று.

"மாட்டினான்யா ஒருத்தன்! பேருதான் ஃபிளாக். மேல் சுருதியெல்லாம் கத்தி வெச்சு நறுக்கின மாதிரி காணோம். எம்பி3-க்கு யாரோ பட்டுச்சட்டை மாட்டி விட்டிருக்காங்க." திரையைக் குனிந்து படித்தான். "அய்யோ. இது அத்தை பாட்டு."

அடுக்களையிலிருந்து வந்த மாமனாரின் மனைவி நிலையருகே நின்றாள்.

கல்யாணத்துக்கு முன் ஸ்டூடியோவில் பதிவு செய்த ஒரே பாட்டு. அதைக் கேட்டுத்தான் அவர் பெண் கேட்டுப் போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் போடுவார். "வேற ஏதாவது போடுங்களேன்" என்று அவள் கூசுவாள். அவர் விட்டதில்லை.

"யாரு மாமா இப்படிப் பண்ணது? சிடியை ஏத்திக் கொடுத்த கடைக்காரனா?"

ஆமாம் என்றால் முடிந்தது. கடைக்காரன் வந்து மறுக்கப் போவதில்லை.

"நான்தான்" என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி. புதுசா வாங்கின பாட்டுக்கு இடம் பத்தல. இதைச் சின்னதாக்கிட்டு ஒரிஜினலை அழிச்சிட்டேன். சிடியும் அதுக்கு முன்னாடியே கீறிப்போச்சு. அப்புறம் மனசு கேட்கல. திரும்ப ஃபிளாக்கா மாத்தி வெச்சேன்."

"மாத்தினா போனது வந்துடுமா மாமா?"

"வராது. தெரியும்."

மருமகன் மெல்ல லேப்டாப்பை மூடினான்.

"உன் குரலை நானே வெட்டி எறிஞ்சிட்டேன்" என்றார் மனைவியிடம். பார்வை தரையை விட்டு எழவில்லை.

அவள் வந்து அவர் அருகில் உட்கார்ந்தாள். அவளும் தரையைத்தான் பார்த்தாள்.

"அது என் குரல் இல்லைங்க. அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, தங்கச்சிதான் பாடினா. நீங்க ஆசை ஆசையாக் கேட்கவும் எனக்குச் சொல்ல வாய் வரல. இருபத்தெட்டு வருஷமா, உங்களுக்கும் தெரியவே இல்லையா?"