செவலைக்கு ஒரு வாய்

மாட்டுப் பொங்கலன்று தூக்குவாளியும் மாலையுமாக ஏகாம்பரம் வந்து நின்றதுமே தனகோட்டிக்குச் சந்தேகம் தட்டியது.

"ஆடியில உனக்கு வித்தேனே, என் செவலை... அதுக்கு ஒரு வாய் பொங்கல் ஊட்டிட்டுப் போயிடறேன் தம்பி."

இதற்காகவா இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்? யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

"நாங்களே ஊட்டிட்டோம்ணே. புது ஆளைப் பார்த்தா மிரளும்."

"என்னைப் பார்த்தா மிரளும்?" சிரித்தபடி ஏகாம்பரம் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். தனகோட்டி பின்னாலேயே ஓடினான்.

அவர் மாட்டின் திமிலைத் தடவினார்.

"கொம்புக்கு நீலம் அடிச்சிருக்கே?"

"பொண்ணு ஆசைப்பட்டா."

"இளைச்சிருக்கு."

"நடுவுல சீக்குல கிடந்துச்சுண்ணே."

ஆழம் பார்க்கிறாரோ?

ஏகாம்பரம் மாலையைப் போட்டார், நெற்றியில் குங்குமம் வைத்தார், வாளிப் பொங்கல் முழுவதையும் உருட்டி உருட்டி ஊட்டினார். மாடு அவர் கையை நக்கியது.

"பார்த்தீங்களா, உங்களை மறக்கவே இல்ல!" என்றான் தனகோட்டி. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஏகாம்பரம் கேட்டார்: "அடிமாட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தானே ஓட்டிட்டு வந்தே?"

"ஆமாண்ணே. அதான் நிக்குதே!"

"அது என் செவலை இல்ல தம்பி. உள்ள நுழைஞ்சதுமே தெரிஞ்சுபோச்சு."

போன மாதம் அடிமாட்டு லாரியில் ஏற மறுத்து முரண்டு பிடித்த செவலை தனகோட்டியின் கண்முன் வந்தது.

"அப்புறம் எதுக்குண்ணே... இதுக்கு ஊட்டினீங்க?"

"வாளியைப் பார்த்ததும் ஆசையா வாயைத் திறந்துச்சு. அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றபடி ஏகாம்பரம் தெருவில் இறங்கி நடந்தார்.