ஓர் ஆள் பாரம்

இடுப்பு கழன்று தனியாக வந்துவிடும்போல் இருந்தது அவளுக்கு.

சலவைக்கூடத்தில் காலையிலிருந்து நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, ஒரு கையில் புருஷனின் சாப்பாட்டுத் தூக்கும், மறு கை சுவரிலுமாகப் பட்டறையின் பக்கக் கதவு வழியே உள்ளே வந்தாள்.

நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. ஷட்டரை இறக்கியிருந்தார்கள். ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க இருட்டு வேண்டும்.

நீளமான வெள்ளை வேன் ஒன்று எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றது. சுவரில், லைட் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, சாக்பீஸ் கோடு. புருஷன் ஸ்க்ரூடிரைவரோடு வண்டியின் மூக்குக்கு முன்னால் குந்தியிருந்தான். டிரைவர் தன் சீட்டில் உட்கார்ந்தபடியே புலம்பிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி ஓட்டத்துல, போகும்போது எதிர்ல வர்றவனெல்லாம் கண்ணு கூசுதுன்னு என் பரம்பரையையே இழுத்துத் திட்றான்ணே. திரும்பி வரும்போது ஒருத்தன் வாயத் தொறக்கறதில்ல. ரோடு அதேதான்."

நேற்று ஒரு லாரிக்காரன் கண் கூசிப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். இன்னொரு புகார் வந்தால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று வண்டி முதலாளி அவனிடம் சொல்லியிருந்தார்.

காலி வண்டிக்கு வெளிச்சம் ஒழுங்காகத்தான் விழுந்தது. மேல்விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் கோட்டின்மேல் நேராக ஓடி, சாலையோரப் பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. ஓரத்தில் நடப்பவன் தெரிய வேண்டும், எதிரில் வருபவன் கண்ணில் விழக்கூடாது. அதற்குத்தான் அந்த ஏற்றம்.

ஆனால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை தளர்ந்த வண்டி. ஆள் ஏறினால் பின்பக்கம் குந்தும், மூக்கு தூக்கும், வெளிச்சம் எதிராளி முகத்தில் அறையும். பாரத்தோடு நிறுத்தித்தான் திருக வேண்டும்.

பக்கப் பலகையில் உட்கார்ந்து வரும் நாலு பேருக்குப் பதிலாக, செத்துப்போன லாரி பேட்டரிகள் நாலைப் புருஷன் தூக்கி வைத்தான். நடுவில் படுத்து வரும் ஆளுக்குப் பேட்டரி இல்லை.

பஞ்சர் கடைக்காரனைக் கூப்பிட்டான். அவன் வந்து வண்டியை ஒரு பார்வை பார்த்தான். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், டயர்மேல் உட்கார்ந்து பேப்பரை விரித்தான். டீக்கடைக்காரன் அடுப்பில் பால் இருப்பதாகச் சொன்னான்.

"ஒரு ஆள் படுக்கறதுக்கு ஊரையே கூப்பிடுவீங்களா? தள்ளுங்க" என்றாள் அவள்.

"நீ வேணாம்."

"ஏன்? பலகை சமமாத்தானே இருக்கு."

பின்கதவைப் பிடித்து ஏறினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுப்பலகையின் மெத்தையில் நீட்டிப் படுத்தாள். இனி தரையில் படுக்காதே என்று டாக்டர் சொல்லிச் சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் இருப்பது பாய்.

மேல்விளிம்பு இப்போது கோட்டைவிட்டு ஒரு சாண் மேலே நின்றது.

"அக்கா நல்ல கனம்" என்றான் டிரைவர்.

"பேட்டரிடா அது."

உள்ளேயிருந்து திட்டு வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். குறட்டை வந்தது.

அவன் இடது லைட்டைத் திருகினான். பிறகு வலது. விளிம்பு இறங்கி இறங்கிக் கோட்டில் வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. வலது லைட்டை ஒரு விரற்கடை இறக்கினான். மறுபடி ஏற்றினான். இடதை இறக்கினான். ஏற்றினான்.

"அண்ணே, அப்பவே சரியா இருந்துச்சே."

"இருந்துச்சு. எதுக்கும் இன்னொருவாட்டி பாத்துடுவோம்."

சுவரில் வெளிச்சம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. தூக்கில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

டிரைவரின் போன் அடித்தது. பேசிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினான்.

"எல்லாரும் வந்து சேந்துட்டாங்களாம்ணே. எப்ப எடுக்கலாம்னு கேக்கறாங்க. அக்காவ எழுப்புங்க."

"படுத்து வரப்போறவரு அவசரப்படறாரா?"

டிரைவர் யோசித்துப் பார்த்தான். இந்த வண்டிக்கு வந்ததிலிருந்து அப்படி யாரும் அவசரப்பட்டதில்லை.

போனை எடுத்து, லைட் வேலை இன்னும் முடியவில்லை, கொஞ்ச நேரம் ஆகும் என்றான். பிறகு இறங்கிப் போய், 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருந்த பின்கதவைச் சத்தம் வராமல் ஒருக்களித்து வைத்தான்.

உள்ளே அவள் ஒரு பக்கமாகப் புரண்டு படுத்தாள். பாயில் புரளும்போதெல்லாம் வரும் முனகல் வரவில்லை.

புருஷன் வலது லைட்டை மறுபடி ஒரு விரற்கடை இறக்கினான்.

மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது, உனக்கு ஒரு கட்டில் வாங்கித் தருகிறேன் என்று அவன் சொன்னான். அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

கட்டில் பாக்கி.