காதில் விழுந்த சபாஷ்

பாடகரோடு சேர்ந்து பாட வேண்டிய பாட்டில், இறந்துபோன நண்பன் தன் சரணத்தை முன்பே பாடிப் பதிவு செய்திருந்தான். மிச்சச் சரணத்தை இன்று பாடகர் பாடி முடித்ததும், ஹெட்போனில் அவன் குரல் கேட்டது.

"சபாஷ்டா! பிரமாதம்!"

பாடகருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருடமாக அவனிடம் திட்டு மட்டுமே வாங்கியவர் அவர்.

"எப்படிப்பா இது?"

ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். "திட்டு ஒண்ணு, பாராட்டு ஒண்ணு பதிஞ்சு குடுத்துட்டுப் போனாரு சார். 'அவன் நல்லாப் பாடினா திட்டைப் போடு, இல்லன்னா தலைகால் புரியாம ஆடுவான். சொதப்பினா பாராட்டைப் போடு, பாவம், ஒடஞ்சு போயிடுவான்'னாரு."

பாடகர் நாற்பது வருடத் திட்டையும் நினைத்துப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"இன்னொரு தடவை பாடுறேன்ப்பா. திட்டு வாங்காம இன்னைக்கு வீட்டுக்குப் போறதா இல்ல!"