இந்த வாரம் நத்தை வரும்

“ஐ.டி. கார்டு அச்சு அசலா இருக்கே மேடம்! எங்க பிரிண்ட் போட்டீங்க?”

மூன்றாம் மாடி ஹேக்கர் சங்கத்தின் செயலாளர் கேட்டாள். பகலெல்லாம் பல் டாக்டர். சாயங்காலமானால் கம்ப்யூட்டர் பூட்டுகளைத் திறந்து பார்ப்பதும் கேம் ஆடுவதும்தான் வேலை.

வாசலில் நின்ற பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். “பிரிண்டா? நான் இந்தக் கட்டடத்தோட புது மேனேஜர்மா. வயரிங் பார்க்க வருவேன்னு நோட்டீஸ் அனுப்பியிருந்தேனே?”

நோட்டீஸ் வந்தது உண்மைதான். ‘வயரிங் பத்திரமாக இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும்’ என்று மிரட்டலாகவே இருந்தது. பழைய மேனேஜர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவரை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதே வாரம், ‘நத்தை’ என்ற புனைபெயரில் உறுப்பினர் விண்ணப்பம் ஒன்றும் வந்திருந்தது.

சங்கத்தின் விதி கொஞ்சம் விசித்திரமானது. சேர விரும்புகிறவர் ஏதாவது சாக்குச் சொல்லி அறைக்குள் நுழைய வேண்டும். அவர் சொன்ன பொய் எது என்று கண்டுபிடித்துச் சிவப்பு நோட்டில் எழுதிவிட்டால், ஜென்மத்துக்கும் அவருக்கு இடமில்லை. தப்பாக எழுதிவிட்டால் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும். கூரியர்காரர், எலி பிடிப்பவர், ஏன், டாக்டரின் தூரத்து உறவு மாமாவாகக்கூட ஒருவர் வந்து பார்த்தார். நாலு வருஷமாக ஒருவரும் டாக்டரைத் தாண்டியதில்லை. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

“டாக்டரக்கா, நிஜ மேனேஜரா இருந்தா?” என்று கிசுகிசுத்தான் கொசு. சங்கத்தின் சூரன், குளிக்கும்போது மட்டும்தான் ஹெட்போனைக் கழற்றுவான்.

“மேனேஜர் யாராவது கதவைத் தட்டி, ‘உள்ள வரலாமா’ன்னு கேப்பாங்களாடா? நம்ம கீபோர்டை எல்லாம் எவ்வளவு ஆசையா பார்க்கறாங்க பாரு.”

பெண்மணி ஒரு திரையின் முன் நின்றிருந்தார். “இந்த விளையாட்டை எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம்?”

“வயரிங்குக்கும் அதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?”

“சும்மா கேட்டேன். மூணு வாரமா உங்க சத்தம் கீழ என் ஆபீஸ் வரைக்கும் கேக்குது.”

“பிரமாதமா நடிக்கறீங்க! வாங்க, சுத்திக் காட்டறேன்.” டாக்டர் மேஜைக்கடியில் கையைக் காட்டினாள். “ஒரே பிளக்குல ஒன்பது கம்ப்யூட்டர். இது வராந்தா லைட்லேர்ந்து நாங்களே இழுத்த லைன். நீங்க நிஜ மேனேஜரா இருந்தா இதைக் காட்டுவோமா?”

பெண்மணியின் முகம் மாறியது. “தீப்பிடிச்சா என்னம்மா ஆகும்? நான் நிஜமாவே மேனேஜர்தான்.”

“நத்தைன்னு பேரு வச்சுக்கிட்டு இவ்வளவு அவசரமா வந்து மாட்டிக்கிட்டீங்களே!” டாக்டர் சிவப்பு நோட்டை எடுத்தாள்.

“அவசரப்படாதீங்கக்கா,” என்றான் கொசு.

அவள் கேட்டால்தானே? ‘பொய்: இவர் மேனேஜர் இல்லை’ என்று எழுதித் தேதியும் போட்டாள்.

அப்போது வாட்ச்மேன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். “மேனேஜரம்மா, மோட்டார் ரூம் சாவி கேட்டீங்களே, இந்தாங்க.”

கொசு ஹெட்போனைக் கழற்றினான். டாக்டர் சிவப்பு நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“மேடம், மன்னிச்சிடுங்க. ஏழு வருஷமா பார்த்துப் பார்த்து உருவாக்கின இடம். இந்த அறை போச்சுன்னா எங்களுக்குப் போக்கிடமே இல்ல.” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அந்த நோட்டைக் குடு.”

நின்றபடியே எழுதி நீட்டினார் மேனேஜர். டாக்டர் பயந்துகொண்டே படித்தாள்.

‘வராந்தா லைனை இன்றே எடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் கம்ப்யூட்டருக்கு ஒன்றாகப் பத்து பிளக் போட வேண்டும். போட்டால் அறை உங்களுக்கே.’

“ரொம்ப நன்றி மேடம்! ஆனா, இருக்கறது ஒன்பது கம்ப்யூட்டர்தானே? பத்துன்னு எழுதியிருக்கீங்க?”

“கையெழுத்தைப் பாரும்மா.”

பார்த்தாள். டாக்டர் எழுதிய ‘பொய்’ சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, பக்கத்தின் அடியில் குண்டு குண்டான எழுத்தில் கையெழுத்து இருந்தது: ‘நத்தை’.